ஏரிக்குக் கீழே ஒரு வாட்ஸ்ஆப் குழு: பருவநிலைப் பொய்களைத் தடுக்க எந்த வழி?

எங்கள் பகுதி சென்னையின் தெற்கு ஓரத்தில், ஓர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. மழைக்காலத்தில் எங்களுக்குச் செய்தி என்றால் குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுதான். 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஏரியில் எத்தனை அடி நிற்கிறது, எந்தத் தெருவில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், பால் வண்டி வந்ததா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அட்மின்கள் நான்கு பேர், அவர்களில் நானும் ஒருவன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இந்தக் குழுவை மாற்றி அமைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் உட்கார்ந்து பேசினோம். அதற்காகப் படித்ததையும், அதற்கு முன் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய வேறு குழுக்களுக்கும் உதவலாம்.

எங்களை உட்கார வைத்தது துபாய் மழை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில், 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இல்லாத மழை பெய்தது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர். எங்கள் தெருவிலேயே மகனோ மருமகனோ அங்கே வேலை பார்க்கும் வீடுகள் பல உண்டு. "பத்திரமா இருக்காங்களா?" என்ற விசாரிப்புகளுக்கு நடுவே அந்த ஃபார்வர்டும் வந்தது. மேகத்தில் மருந்து தூவி அவர்களே வரவழைத்த மழையாம் இது, பருவநிலை மாற்றம் ஒன்றும் இல்லையாம்.

இதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் சிக்கல். அமீரகம் பல ஆண்டுகளாக மேக விதைப்பு செய்துவரும் நாடு. ஆனால் இல்லாத மேகத்தை விதைப்பு உண்டாக்காது. இருக்கும் மேகத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மழையைப் பிழியத்தான் அது முயலும். புயலின்போது விதைப்பு விமானம் எதுவும் பறக்கவில்லை என்று அந்த நாட்டின் தேசிய வானிலை மையம் சொன்னது. அதே மழை அமைப்பு ஓமனையும் தாக்கி உயிர்களைப் பறித்தது. பெருமழை வரப்போவது பல நாட்கள் முன்பே வானிலைக் கணிப்புகளில் தெரிந்தும் இருந்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். பேச வேண்டியது அதைத்தான்.

கொஞ்ச நாளில் அதே ஃபார்வர்டு ஊர் மாறி வந்தது: 2015-இல் நமக்கு வந்த வெள்ளமும் இப்படி யாரோ செய்ததுதான் என்று. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மழையை யாரோ பொத்தானை அழுத்தி வரவழைக்கிறார்கள் என்று நம்பிவிட்டால், நீர்வழியில் எழும்பிய கட்டடத்தைப் பற்றியோ தூர்வாராத வடிகாலைப் பற்றியோ பேசுவதற்கு ஒருவரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

நாங்கள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். அழித்தோம். அட்மினுக்கு அடுத்தவர் செய்தியை அனைவருக்கும் சேர்த்து நீக்கும் வசதியை வாட்ஸ்ஆப் தந்திருக்கிறது. துபாய் செய்தியை அனுப்பியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு அவர் "சார்". நான் அதை நீக்கிய அரை மணி நேரத்தில் எனக்கு போன் செய்தார். "எல்லார் முன்னாலயும் என்னைப் பொய்யன் ஆக்கிட்டியே தம்பி" என்றார். அன்று இரவே குழுவிலிருந்து விலகினார். அவரோடு நாற்பது பேர் போல வேறொரு குழுவுக்குப் போனார்கள். அந்தச் செய்தி இப்போதும் அங்கே சுற்றுகிறது. பதில் சொல்ல அங்கே எங்களில் யாரும் இல்லை.

நீக்குவதே தப்பு என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில் பின்டரெஸ்ட் தளம், பருவநிலை பற்றிய பொய்த்தகவல்களை அகற்றுவோம் என்று தெளிவாகக் கொள்கை அறிவித்தது. சமையல் குறிப்பும் வீட்டு அலங்காரப் படமும் தேடிப் போகும் இடத்தில், முகம் தெரியாத ஒருவரின் படம் மறைந்தால் யாருக்கும் வலிக்காது. தினமும் காலையில் நடைப்பயிற்சியில் எதிரே வரும் மனிதரின் செய்தியை நீக்குவது அப்படியில்லை. "ஏரி உடைந்துவிட்டது, ஓடுங்கள்" என்பது போல, நம்பினால் அடுத்த பத்து நிமிடத்தில் யாராவது மிதிபடக்கூடிய செய்திக்கு மட்டும் நீக்குதல் என்று வைத்துக்கொண்டோம். அதிலும் அனுப்பியவருக்கு முதலில் தனியாக ஒரு போன்.

அந்த போனுக்குப் பிறகு எந்த வழியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இது பொய்யை நிறுத்துமா என்பதோடு, அதை நல்லெண்ணத்தில் அனுப்பியவரை என்ன செய்யும்? பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்தக் கேள்வியை நான் அதிகம் பார்க்கவில்லை. எங்களைப் போன்ற இடத்தில் அதுதான் முதல் அளவுகோல்.

அடுத்த வழி, செய்தியை விட்டுவைத்து அதன்மேல் "தவறு" என்று குறியிடுவது. ஃபேஸ்புக் 2016 டிசம்பரில் வெளியார் உண்மை சரிபார்ப்பைத் தொடங்கி, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. திருத்தம் சொன்னால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது அரிதாகவே நடப்பதாகத் தெரிந்தது. ஆகவே திருத்தம் வீண் இல்லை. என் கவலை வேறு இரண்டு.

ஒன்று, 2020-இல் பென்னிகுக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது: சில பொய்களுக்கு மட்டும் குறி போட்டால், குறி இல்லாத மற்ற பொய்கள் உண்மை போலத் தெரிய ஆரம்பிக்கின்றன. நாங்கள் நான்கு பேர், வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாளில் வரும் எல்லாவற்றையும் சரிபார்க்க எங்களால் முடியாது. சரிபார்க்காமல் விட்டதை "அட்மினே ஒன்றும் சொல்லவில்லையே" என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, பருவநிலை பற்றிய பொய்களில் முழுப்பொய் குறைவு. 2019-20 கோடையில் ஆஸ்திரேலியா பற்றி எரிந்தபோது, 183 பேர் தீ வைத்ததற்காகக் கைது, காரணம் வெப்பநிலை இல்லை, சதிகாரர்கள்தான் என்று உலகம் முழுக்கப் பரவியது. 183 என்ற எண் பொய்யில்லை. நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையே வெளியிட்ட எண் அது. ஆனால் வேண்டுமென்றே தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர்தான். 53 பேர் தீ மூட்டத் தடை இருந்தபோது அதை மீறியவர்கள், 47 பேர் சிகரெட்டையோ தீக்குச்சியையோ அணைக்காமல் வீசியவர்கள். மொத்தத்தில் இவர்கள் எல்லோர் மீதும் ஏதோ ஒரு சட்ட நடவடிக்கை. அதில் எச்சரித்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இதற்கு "பொய்" என்று முத்திரை குத்தினால், "எண்ணை போலீஸே சொன்னதே" என்று ஒருவர் கேட்பார், அவர் கேட்பது நியாயம். ஒற்றை முத்திரையால் இதைத் தொட முடியாது. நாலு வரி விளக்கம் வேண்டும், அந்த விளக்கம் கையில் தயாராக இருக்க வேண்டும்.

காணொளிக்குக் கீழே ஒரு தகவல் பட்டையை வைக்கும் யூட்யூப் முறையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 2018-இலிருந்து செய்கிறார்கள். அறிவியலாளர் பேசினாலும் மறுப்பவர் பேசினாலும் கீழே வருவது ஒரே பட்டை. எங்கள் வீட்டில் அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

சரி, செய்தியை எதுவும் செய்யாமல் அதன் வேகத்தை மட்டும் குறைத்தால்? எனக்கு அதிகம் பிடித்த வழி இது. வாட்ஸ்ஆப் இதை முதலில் செய்து பார்த்ததே இந்தியாவில்தான். குழந்தை கடத்தல் வதந்திகளை நம்பி அப்பாவிகளை அடித்துக் கொன்ற 2018-இல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். அடுத்த ஆண்டு அது உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த, இரட்டை அம்புக்குறி போட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அப்போது சொன்னது. ட்விட்டரும் 2020-இல், இணைப்பைத் திறக்காமலே பகிர வருகிறவரிடம் "முதலில் படிக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறந்தது 40 சதவீதம் கூடியதாக அறிவித்தது.

இந்த முறையில் யார் பொய் சொன்னார், எது பொய் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உண்மைக்கும் பொய்க்கும் ஒரே வேகத்தடை. சாரின் மானமும் போகாது. இதனாலேயே எனக்கு இது பிடித்தது.

குறையும் உண்டு. பிரேசில் ஆய்வாளர்கள் பொதுக் குழுக்களின் தரவை வைத்து 2019-இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கை வரம்பு பரவலைத் தாமதப்படுத்துகிறது. மிக வேகமாகப் பற்றிக்கொள்ளும் செய்தியை மட்டும் அதனால் தடுக்க முடிவதில்லை. அப்புறம், ஃபார்வர்டு செய்யாமல் நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறியே காணாமல் போய்விடும். எங்கள் தெருவில் இந்த வித்தை எல்லோருக்கும் தெரியும். குழு அளவில் வேகத்தைக் குறைக்க வாட்ஸ்ஆப் அட்மினுக்குப் பெரிதாக எதுவும் தரவில்லை. டெலிகிராமில் "மெது முறை" இருக்கிறது. ஒருவர் அடுத்த செய்தி போடுவதற்குள் சில வினாடி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் செய்யலாம். அதற்காக டெலிகிராமுக்கு மாறலாம் என்று எங்களில் இளையவர் சொன்னார். வெள்ள நேரத்தில் அதிகம் தவிக்கும் பாட்டிகள் அங்கே வரமாட்டார்கள், அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

எக்ஸ் தளத்தின் சமூகக் குறிப்பு முறையை நான் வெகுநேரம் யோசித்தேன். 2021 ஜனவரியில் வேறு பெயரில் சோதனையாகத் தொடங்கியது. பங்களிப்பாளராகப் பதிவு செய்து சேர்ந்த பயனர்கள் ஒரு பதிவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு எழுதலாம். ஆனால் அதிகம் பேர் ஆதரித்தால் மட்டும் குறிப்பு வெளியே வந்துவிடாது. முந்தைய குறிப்புகளில் எதிர் எதிராக வாக்களித்தவர்கள் இருவரும் இதை "உதவியாக இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டால்தான் வெளியே காட்டுவார்கள். ஒரே கட்சிக்காரர்கள் திரண்டு வந்து குறிப்பை ஏற்றிவிட முடியாதபடி செய்த அந்தக் கணக்கு அழகானது. விலை என்னவென்றால், எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெளிச்சத்துக்கே வருவதில்லை. வருவதற்குள் பதிவும் ஊர் சுற்றி முடித்திருக்கும். வெள்ள நேரத்தில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? தமிழில் போதிய வாக்காளர்கள் கிடைப்பதும் எளிதில்லை. கருவியாக அது எங்களுக்கு ஆகாது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் யோசனை ஒன்றை எடுத்துக்கொண்டோம், கடைசியில் சொல்கிறேன்.

பொய் வருவதற்கு முன்பே அதன் சூட்சுமத்தைக் காட்டிவிடுவது இன்னொரு வழி. தடுப்பூசி போல. உளவியலில் இந்த யோசனை 1960-களிலிருந்து இருக்கிறது. பருவநிலை விஷயத்தில் 2017-இல் வான் டெர் லிண்டனும் மற்றவர்களும் செய்த ஆய்வு பெயர் பெற்றது. மனிதர்களால் புவி சூடாகிறது என்பதை மறுத்து 31,000 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டதாகச் சுற்றும் மனுவை எடுத்துக்கொண்டார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே பருவநிலை அறிவியல் பின்னணி உள்ளவர்கள் என்று முன்கூட்டியே விளக்கியபோது, மனுவின் பாதிப்பு நன்றாகக் குறைந்தது. சந்தோஷப்படுவதற்குள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்னர் 12 நாடுகளில் சுமார் 6,800 பேரிடம் ஆறு வகைத் தடுப்பூசிகளைச் சோதித்த ஆய்வில், அடுத்தடுத்துக் கொட்டிய பொய்களுக்கு முன்னால் அவற்றில் எதுவும் பெரிதாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

எனக்கு இதில் கிடைத்த பாடம், பொதுவாக "ஏமாறாதீர்கள்" என்று வகுப்பெடுப்பதால் பயன் குறைவு என்பதுதான். எந்தப் பொய் எந்த மாதம் வரும் என்று தெரிந்தால் கதை வேறு. எங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஜூலையை ஒட்டி அந்த "அபீலியன்" செய்தி வரும்: பூமி சூரியனைவிட்டு விலகிப் போகிறது, வழக்கமாக 9 கோடி கிலோமீட்டர், இப்போது 15.2 கோடி, அதனால் ஆகஸ்ட் வரை குளிரும், சளி இருமல் வரும் என்று. உண்மையில் சராசரித் தொலைவே சுமார் 15 கோடி கிலோமீட்டர். 9.3 கோடி என்பது அதையே மைலில் சொல்வது. மைலையும் கிலோமீட்டரையும் கலந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஜனவரியில் 14.7 கோடி, ஜூலையில் 15.2 கோடி, வித்தியாசம் மூன்று சதவீதம் போல. நாம் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது மார்கழிக் குளிரில்தான். ஒரு ஜூன் மாதக் கடைசியில் இதை நான்கு வரியில் குழுவில் போட்டேன். ஜூலையில் அந்தச் செய்தி வந்தபோது பதில் சொன்னது நான் இல்லை, எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண். "அங்கிள், இது மைல் கணக்கு" என்றாள்.

இதே போல அக்டோபருக்கு முன்பு ரெட் அலர்ட் என்றால் என்ன என்பதையும் போட வேண்டும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய வாய்ப்பு இருக்கிறது, நடவடிக்கை எடுங்கள் என்ற எச்சரிக்கை அது. உங்கள் மொட்டை மாடியில் பெய்தே தீரும் என்ற வாக்குறுதி இல்லை. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட்டை நம்பி வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். மழை எதிர்பார்த்த அளவு வராமல் போனதும் வானிலை ஆய்வு மையத்தைக் கேலி செய்து வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. வானிலையையே சொல்லத் தெரியாதவர்கள் ஐம்பது ஆண்டு கழித்து வரும் வெப்பத்தைச் சொல்கிறார்களா என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. காரை மேலே ஏற்றியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்று நாங்கள் அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுள் 2021 அக்டோபரில், பருவநிலை மாற்றத்தை மறுக்கும் காணொளிகளுக்கு விளம்பர வருமானம் கிடையாது என்று அறிவித்தது. பெரிய தளங்கள் எடுத்த முடிவுகளில் வேர் வரை போகக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். நடைமுறையில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். "சென்னை மூழ்கப்போகிறது" என்று சிவப்பு எழுத்தில் முகப்புப் படம் போட்டுப் பார்வை தேடும் காணொளிகளை அந்த விதி தொடாது. மறுப்பு எப்படியோ அப்படியே மிகையும் கெடுதல்தான். நாலு முறை மூழ்காமல் போனால் ஐந்தாவது முறை உண்மையான எச்சரிக்கையையும் கேட்கமாட்டார்கள். இது எங்கள் நான்கு பேர் கையில் இல்லாததால், எங்கள் ஒப்பீட்டில் இதைச் சேர்க்கவில்லை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு இது. வாட்ஸ்ஆப்பின் கம்யூனிட்டி வசதியில் குழுவை மூன்றாகப் பிரிக்கிறோம். முதலாவது அறிவிப்புக் குழு. அட்மின்கள் மட்டும் எழுதலாம். வானிலை மைய எச்சரிக்கை, ஏரி மட்டம், மாநகராட்சி அறிவிப்பு தவிர வேறெதுவும் அதில் வராது. போனைத் திறந்ததும் பாட்டி பார்ப்பது அதைத்தான். இரண்டாவது, பழைய குழு, அரட்டைக்கு. மூன்றாவதின் பெயர் "உண்மையா?". இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் முதலில் அங்கேதான் போட வேண்டும்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. துபாய் செய்தியை அரட்டைக் குழுவில் போட்டால் அதைச் சொன்னவர் நீங்கள். "உண்மையா?" குழுவில் போட்டால் கேட்டவர் நீங்கள். தவறு என்று பதில் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல கேள்வி கேட்டவர் ஆகிவிடுகிறீர்கள். செய்தி அப்படியேதான் இருக்கிறது, அனுப்புகிறவரின் இடம் மட்டும் மாறுகிறது. வேகத்தடையும் தானாகக் கிடைக்கிறது.

பதில் எழுதுவதற்கு, சமூகக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை. எந்த விளக்கத்தையும் அறிவிப்புக் குழுவில் ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரும் பொதுவாக ஒத்துப்போகாதவர்களாக இருக்க வேண்டும். வடிகால் பிரச்சினையில் எதிரெதிரே நின்றவர்கள், வேறு வேறு கட்சிக்கு வாக்குக் கேட்டவர்கள் இப்படி. அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட நாலு வரியை "அட்மின்கள் ஒரு பக்கம்" என்று யாரும் தள்ள முடியாது. இதனால் தாமதம் ஆகும் என்று தெரியும். அதனால்தான் வழக்கமாக வரும் ஏழெட்டுப் பொய்களுக்கான பதிலைச் செப்டம்பருக்குள் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கப் பார்க்கிறோம்.

போன ஞாயிறு சார் வீட்டுக்குப் போயிருந்தேன். நீக்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கையெழுத்திடும் இருவரில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்றேன். காபி கொடுத்தார், பதில் சொல்லவில்லை. மேக விதைப்பு பற்றி நான் எழுதிக் கொண்டுபோன அரைப் பக்கத்தை மட்டும் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். இரண்டாவது வரியில் ஒற்று விட்டிருக்கிறாய் என்றார். மற்றதைப் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.